முப்பத்தொன்பது கரப்பான்களும் ஒரு மருந்துக்காரரும்

ஐந்தாவது பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் ஓடினாள்.

மூன்றாவது மாடித் தாழ்வாரம். இந்தப் பக்கம் ஆய்வகம், அந்தப் பக்கம் பழைய இருட்டறை. நடுவில் பதினாறு அடி. அந்தப் பதினாறு அடியைப் பெட்டியோடு எட்டு முறை கடக்க வேண்டும். நான்கு முறை கடந்தாயிற்று.

மாடிப்படியிலிருந்து சத்தம் வந்தது.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

"வந்துட்டாங்கடி!" படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கத்தினாள் சோடாபுட்டி. ஆய்வகத் தோழி. கண்ணாடி கனத்தால் வந்த பெயர். "ரெண்டாவது மாடி முடிஞ்சிருச்சு. ஒரே ஆள்தான். முதுகுல டேங்க், கையில குழாய்."

"இருட்டறைக் கதவைப் பிடி!"

"பிடிக்கிறேன். ஆனா அந்தப் பெட்டி என் மேல மட்டும் படக்கூடாது. பட்டுச்சு, நான் மயக்கம் போட்டுடுவேன். அப்புறம் என்னையும் சேர்த்து நீதான் தூக்கணும்."

பெட்டிக்குள் ஐந்து உயிர்கள். எட்டுப் பெட்டிகளிலுமாக மொத்தம் முப்பத்தொன்பது உயிர்கள். அத்தனையும் இன்னும் ஐந்து நிமிடத்தில் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கப்போகின்றன, அவள் ஓடாவிட்டால்.

அத்தனையும் கரப்பான் பூச்சிகள்.

சிரிக்காதீர்கள். அவளுடைய அடுத்த இரண்டு வருடம் அந்தப் பெட்டிகளுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறியவர்கள், விடுமுறையில் எங்காவது வேலைக்குப் போனால்தான் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வர முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், இப்படிப்பட்ட மாணவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் விடுமுறையில் எட்டு வார ஆராய்ச்சி வேலை கொடுத்தது. சம்பளத்தோடு. "இது தானதர்மம் இல்ல, சம்பளம். அதனால லேட்டா வந்தா கண்டிப்பா திட்டுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் பேராசிரியை. அவளுக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போனது.

போன விடுமுறையில் அவள் ஒரு பெரிய கடையின் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். நாளெல்லாம் பீப், பீப். கனவில் அப்பாவின் நெற்றியில்கூட பார்கோடு தெரிந்தது. இந்த விடுமுறையில் அவள் ஆராய்ச்சியாளர். திங்கட்கிழமை அவளுடைய முடிவு பேராசிரியையின் முன்னால் நின்றுவிட்டால், பட்டம் வாங்கும்வரை இதே வேலை, இதே சம்பளம். நிற்காவிட்டால் மறுபடியும் பீப்.

ஆராய்ச்சி இதுதான். பெப்பர்மின்ட் வாசனை வரும் பக்கம் போனால் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும் என்று நாற்பது கரப்பான்களுக்கும் அவள் சொல்லிக்கொடுத்தாள். மூன்று வாரத்தில் பாடம் முடிந்தது. அதன்பிறகு இருபத்தெட்டு நாள் பெப்பர்மின்ட் கண்ணில் காட்டவே கூடாது. இருபத்தெட்டாவது நாள் மறுபடி பரீட்சை. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஒவ்வொன்றின் முதுகிலும் அரிசி அளவுக் காகிதத் துண்டில் எண் எழுதி, பசை தடவி ஒட்டியிருந்தாள். ஒன்று முதல் நாற்பது வரை. நான்காவது வாரம் ஒன்பதாம் எண் எப்படியோ மறைந்துவிட்டது. ஆய்வகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் '9: காணவில்லை' என்று எழுதிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மருந்து தெளிப்பது அடுத்த சனிக்கிழமை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியை மேடையில் சொல்லும் திங்கட்கிழமை விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். போன வருடம் ஒரு விருந்தாளியின் தட்டில் ஒரு கரப்பான் நிதானமாக நடைபயிற்சி செய்துவிட்டது. அந்த அவமானத்தை மறக்காத துறைத்தலைவர், யாரிடமும் கேட்காமல் தேதியை ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளிவிட்டார். பேராசிரியை வெளியூரில். போன் அணைந்திருந்தது.

இருட்டறைக் கதவுக்கு ரப்பர் விளிம்பு உண்டு. ஒரு பொட்டு வெளிச்சம் போகாது, ஒரு துளி மருந்தும் போகாது. எனவே ஓட்டம்.

ஆறு. ஏழு.

எட்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது மூடியின் ஒரு மூலை பிளந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. தாழ்வாரத்தின் நடுவுக்கு வந்தாள். படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு உருவம் வந்து நின்றது.

நீலச் சட்டை. முழங்கால்வரை பூட்ஸ். முதுகில் மஞ்சள் டேங்க்.

அவள் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டாள். மருந்தைப் பார்த்து அல்ல.

"அப்பா?"

*

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய அப்பா இருபத்திரண்டு வருடமாகப் பூச்சி மருந்து அடிப்பவர். ஊரில் பாதிக் கட்டிடங்களின் கரப்பான்கள் அவர் கையால் போய்ச் சேர்ந்தவை. அந்தச் சம்பளத்தில்தான் அவள் படித்தாள். அப்படிப்பட்டவரிடம் போய், 'அப்பா, நான் கரப்பானுக்கு மிட்டாய் வாசனை காட்டிப் பாடம் நடத்துகிறேன், அதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்' என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிவிட்டாள். அம்மா அதை வாங்கி, தெருவெல்லாம் பரப்பி, கூடவே 'ஏசி ரூம்' என்று தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்துவிட்டாள். இனித் திரும்பிப் போக வழி இல்லை.

"பாப்பா! நீ இங்கயா வேலை செய்யறே?"

"ஆமாப்பா. கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டர் எங்க?"

"உள்ள இருக்கு."

"கையில?"

அவள் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். கறுப்புத் துணி சுற்றிய பெட்டி.

"கீபோர்டுப்பா."

பெட்டிக்குள்ளிருந்து கரகர, கரகர என்று சத்தம் வந்தது. இருட்டறை வாசலில் சோடாபுட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரும் தொடாமலே தட்டுது?"

"புது மாடல்ப்பா."

"ஓஹோ." அப்பா தாடையைத் தடவினார். "காலம் எங்கேயோ போயிருச்சு. சரி, சீக்கிரம் உள்ள கொண்டுபோய் வை. ஈரம் பட்டா கீபோர்டு கெட்டுப்போயிடும்."

அவள் நகரக் காலெடுத்தாள். அப்போதுதான் பிளந்திருந்த மூலையிலிருந்து ஒன்று வெளியே வந்தது. டக்கென்று தரையில் விழுந்தது. மீசையை இரண்டு முறை ஆட்டியது. பிறகு, தான்தான் இந்தக் கட்டிடத்தின் உரிமையாளர் என்பதுபோல, நேராக அப்பாவை நோக்கி நடந்தது.

இருபத்திமூன்றாம் எண்.

வகுப்பிலேயே முதல் மாணவன்! பாடம் நடத்திய மூன்றே நாளில் பெப்பர்மின்ட்டைப் பிடித்துக்கொண்டவன்!

அப்பாவின் வலது கால் தானாக மேலே போனது. அது அவர் சொல்லிப் போகிற கால் இல்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். திருமணப் பந்தலில்கூட ஒருமுறை அந்தக் கால் அப்படி உயர்ந்ததாக அம்மா சொல்வாள்.

"மிதிக்காதீங்க!"

கால் அந்தரத்தில் நின்றது. முதுகில் டேங்க் கனக்க, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே அப்பா கேட்டார்: "ஏன் பாப்பா?"

ஏன்? அவள் மூளை முப்பத்தொன்பது பக்கமும் ஓடியது.

"பூட்ஸ் அழுக்காயிடும்ப்பா."

"பூச்சி மிதிச்சே பிழைக்கிறவன்கிட்ட பூட்ஸ் அழுக்காகும்னு சொல்ற முதல் ஆள் நீதான்."

ஆனாலும் கால் இறங்கியது. இருபத்திமூன்றுக்கு ஒரு சாண் தள்ளி. "சரி. மிதிக்கலை. என் வேலையைப் பார்க்கணும்ல?" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தூக்கினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

சுவர் ஓரம், கதவு இடுக்கு, மூலை எல்லாம் நனைந்தன. ஒரு விசிறல் இருபத்திமூன்றின் முதுகில் நேராக விழுந்தது. அது விர்ரென்று பாய்ந்தது. அவளும் பாய்ந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் தவழ்ந்து, இரு கையையும் கிண்ணம்போலக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"என்ன பாப்பா அது?"

"கீபோர்டுல ஒரு பட்டன் விழுந்திருச்சுப்பா!"

"பார்த்து எடு," என்றார் அப்பா, ரொம்ப அக்கறையாக.

அவள் எழுந்து நின்றபோது அவரைக் கவனித்தாள். மூக்கை மூடும் முகமூடி கழுத்தில் மாலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, மாஸ்க்கை ஒழுங்கா போடுங்க. எத்தனை தடவை சொல்றது?"

"வேர்க்குது பாப்பா. இந்த மாடி மட்டும்தானே." பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடிக்கு நடந்தார்.

அவளுக்கு மருந்து நெடியே தெரியவில்லை. ஏழு வாரமாகக் கரப்பான் பெட்டிக்குள் மூக்கை விட்டு விட்டு, மூக்கு செத்துப்போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

இருட்டறைக்குள் இருவரும் இருபத்திமூன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினர்கள் உட்காருவதுபோல.

இருபத்திமூன்று மீசையை வாயில் இழுத்துச் சுத்தம் செய்தது. காலைச் சுத்தம் செய்தது. பிறகு போய் ரொட்டித் தூளைக் கொறித்தது.

"பிழைச்சுக்கிச்சு!" என்றாள் சோடாபுட்டி. மறுநொடியே முகத்தைச் சுளித்தாள். "ச்சே, நான் எதுக்குச் சந்தோஷப்படறேன்?"

அவள் குறிப்பேட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"என்னடி எழுதப் போறே?"

"தாழ்வாரத்துல மருந்து தெளிச்சாங்க. மூடி திறந்த பெட்டி நடுவுல இருந்துச்சு. இருபத்திமூணு மேல நேராவே பட்டுச்சு."

"உனக்கென்ன பைத்தியமா? யாரும் பார்க்கலை."

"எங்கப்பா பார்த்தாரு."

"உங்கப்பா கீபோர்டைத்தான் பார்த்தாரு! நல்லா யோசி. மருந்து பட்ட பூச்சின்னு தெரிஞ்சா மேடம் முடிவை ஏத்துக்குவாங்களா? ரெண்டு வருஷம்டி. எழுதினா போச்சு."

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். காதுக்குள் பீப், பீப் என்று கேட்டது. ஒன்பதாம் எண் காணாமல் போனபோது அதை எழுதியவள் அவள்தான். நல்லவேளைக்கு ஒரு பேனா, கெட்டவேளைக்கு ஒரு பேனா என்று அவளிடம் இரண்டு இல்லை.

எழுதிவிட்டாள். மையில். கிழமை, மணி, நிமிடத்தோடு.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீ உருப்பட மாட்டே. வா, டீ வாங்கித் தரேன்."

*

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

"நீயே கேளு. ஊரெல்லாம் மருந்தடிக்கிற மனுஷன். முன்னாடி ரெண்டு மூணு வாரம், வீட்ல கரப்பான் வாசனை வருதுன்னு சமையலறையை மோப்பம் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சாரு. பாத்திரம் பூரா வெளிய. என்னைக் குத்தம் சொன்னாரு. அப்புறம் ஒரு நாள் திடீர்னு நிறுத்திட்டாரு. இப்ப என்ன பண்றாரு தெரியுமா? ரொட்டி ஓரத்தைத் திருடறாரு!"

"திருடலை," என்றார் அப்பா. "எடுத்தேன்."

"யாருக்கு?"

"குருவிக்கு."

"எந்தக் குருவி? இந்தத் தெருவுல குருவி இருக்கா? ரொட்டியை எடுத்துக்கிட்டு டேங்க் வைக்கிற ரூமுக்குள்ள போறாரு. பத்து நிமிஷம் கழிச்சு வர்றாரு. உள்ள யாருகிட்டயோ பேசறாரு!"

"வயசாகுதுல்ல. தனியா பேசிக்கிறேன்."

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார்.

"பாப்பா, கீபோர்டெல்லாம் நல்லா இருக்கா?"

"இருக்குப்பா."

"ஒண்ணும் ஆகலையே? எல்லாம் ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"அப்ப சரி," என்று சொல்லி அவர் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். கீபோர்டு எதற்கு ஓட வேண்டும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கும் நிலையில் அவள் இல்லை.

*

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பரீட்சை.

ஒய் வடிவக் குழாய். ஒரு கிளையில் பெப்பர்மின்ட், மறு கிளையில் வெனிலா. சர்க்கரைத் தண்ணீர் எந்தப் பக்கமும் கிடையாது. ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். எந்தக் கிளையில் எது என்று தெரியாத சோடாபுட்டி, அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'இடது', 'வலது' என்று எழுதினாள். முப்பத்தொன்பதில் முப்பத்தொன்று பெப்பர்மின்ட் பக்கம் திரும்பின. இருபத்திமூன்று திரும்பவில்லை, பாய்ந்தது.

பதினொரு மணிக்கு அரங்கம். பேராசிரியை ஊரிலிருந்து நேராக வந்து, பயணப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துறைத்தலைவர், புதுக் கோட்டில். அவள் மேடையேறி, மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். 

அம்மா, நல்ல புடவையில். அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் ஒரு துணிப்பையோடு.

மாணவர்களின் குடும்பத்துக்குப் பல்கலைக்கழகமே அழைப்பு அனுப்பும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தபால்காரரையே மடக்கியிருப்பாள்.

திரையில் தலைப்பு வந்தது: 'கரப்பான் பூச்சியின் நினைவு எத்தனை நாள்?' கீழே, அரைச் சுவர் அளவுக்கு, இருபத்திமூன்றாம் எண்ணின் புகைப்படம்.

"என்னங்க இது?" அம்மாவின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. "கம்ப்யூட்டரையே காணோம்?"

"சும்மா இரு. இதுதான் கம்ப்யூட்டர்," என்றார் அப்பா.

அவள் பேசினாள்.  சொல்லிக்கொடுத்தது, காத்திருந்தது, முப்பத்தொன்று திரும்பியது. பேராசிரியை முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முன்னுக்குச் சாய்ந்தால் நல்ல அறிகுறி என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பிரமாதம்!" என்றார் துறைத்தலைவர்.

இன்னும் ஒரு படம் மிச்சம். பொத்தானை அழுத்தாமலே 'நன்றி' சொல்லி இறங்கிவிடலாம். கீழே நின்ற சோடாபுட்டி, இறங்கு இறங்கு என்று கையால் ஜாடை காட்டினாள்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"சனிக்கிழமை பத்து நாற்பதுக்குத் தாழ்வாரத்துல பூச்சி மருந்து தெளிச்சாங்க மேடம். ஒரு பெட்டி திறந்திருந்துச்சு. இருபத்திமூணு மேல நேரா பட்டுச்சு. மத்ததுக்கு எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியாது."

பேராசிரியை மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்தார்.

"சனிக்கிழமையா? அடுத்த வாரம்தானே?"

"நான்தான் முன்னாடி கொண்டு வந்தேன்," என்றார் துறைத்தலைவர் பெருமையாக. "முதல் தரமான மருந்து! நானே கீழ நின்னு கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டிடத்துல ஒரு பூச்சி மிஞ்சலை!"

"அதுதான் சார் பிரச்சினை." பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியிருந்தது. "அந்த மருந்து நரம்பைத் தாக்கும். கொஞ்சமாப் பட்டாக்கூட. அப்போ இதுங்க திரும்பினது நினைவாலயா, மருந்தாலயா? யாராலயும் சொல்ல முடியாது. நீ மறைக்காம சொன்னது ரொம்பப் பெரிய விஷயம்மா. ஆனா இந்த முடிவு..."

பீப், என்று அவள் காதுக்குள் கேட்டது.

"...நிக்காது."

"நிக்கும் மேடம்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்து நின்றிருந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருங்க. மானம் போகுது."

"நீங்க?" என்றார் பேராசிரியை.

"இவளோட அப்பா. சனிக்கிழமை தெளிச்சவன்." துணிப்பையிலிருந்து ஒரு நீல டப்பாவை எடுத்து உயர்த்திக் காட்டினார். மூடியில் ஒட்டிய முத்திரை பிரியாமல் இருந்தது. மேலே சனிக்கிழமைத் தேதியும் '3-ம் மாடி' என்ற எழுத்தும். "மாடிக்கு ஒரு டப்பா கொடுப்பாங்க. முதல் ரெண்டு மாடிக்கு ஊத்திட்டேன். மூணாவதுக்கு டேங்கைக் கழுவி, இதைத் திறக்கவே இல்லை. அன்னிக்கு அந்தத் தாழ்வாரத்துல அடிச்சது வெறும் தண்ணி."

 துறைத்தலைவர் எழுந்தார்.

"அப்போ நான் கையெழுத்துப் போட்டது?"

"தண்ணிக்குத்தான் சார்."

பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். துறைத்தலைவரின் முகம் அவர் டையின் நிறத்துக்கு வந்தது. "இப்பவே உங்க கம்பெனிக்குப் போன் பண்றேன்!"

"பண்ணுங்க சார்," என்றார் பேராசிரியை. "கூடவே, ஆராய்ச்சி நடக்கிற மாடியில, யாருக்கும் சொல்லாம தேதியை மாத்தினது யாருன்னும் சொல்லிடுங்க."

துறைத்தலைவர் உட்கார்ந்தார்.

"மருந்து பட்டிருந்தா ஒரு மணி நேரம் மேடம்," என்று அப்பா தொடர்ந்தார். இப்போது அவர் குரலில் தொழில்காரரின் கண்டிப்பு வந்திருந்தது. "அதுக்குள்ள கால் பின்னும், மல்லாந்துடும். ரெண்டு நாள் கழிச்சு முப்பத்தொன்பதும் ஓடுதுன்னா அது என் மருந்தே இல்லை. நான் அடிச்சு ஒண்ணு பிழைச்சதா இருபத்திரண்டு வருஷத்துல ஒரு புகார் கிடையாது. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

பேராசிரியை டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்துச் சொன்னார்:

"குறிப்பேட்டை எடு. சனிக்கிழமை எழுதினதை அடிக்காதே. அதுக்குக் கீழ எழுது. தெளித்தது தண்ணீர், டப்பா திறக்கப்படவில்லை, சாட்சி தெளித்தவர். அப்பாகிட்ட கையெழுத்து வாங்கு. முடிவு நிக்குது. ரெண்டு வருஷமும் நிக்குது. லேட்டா வந்தா திட்டுவேன்."

அவளுக்குக் கண் மங்கியது. சோடாபுட்டி, ஏதோ தானே கரப்பான் வளர்த்ததுபோலக் கைதட்டினாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் பேராசிரியை அப்பாவிடம். "ஒரு விஷயம் இடிக்குதே. பொண்ணு கம்ப்யூட்டர் வேலைன்னுதானே வீட்ல சொல்லியிருக்கா? இப்பதானே உங்க வீட்டுக்காரம்மா கேட்டாங்க? அப்போ அந்த மாடியில பூச்சி இருக்குன்னு சனிக்கிழமையே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா தலையைச் சொறிந்தார். மகளைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கப் பயந்து பார்க்கவில்லை.

"இவ டிரெஸ்ல கரப்பான் வாசனை மேடம். முதல் வாரத்துலருந்தே. எனக்குத் தெரியாத வாசனையா? வீட்லதான் இருக்குன்னு நினைச்சுத் தேடினேன். ஒரு நாள் இவ குடையை விரிச்சேன். ஒண்ணு கீழ விழுந்துச்சு. கால் தூக்கிட்டேன். அப்பதான் பார்த்தேன், முதுகுல நம்பர். நம்பர் போட்டிருந்தா அது யாருக்கோ வேணும்னுதானே அர்த்தம்? காலை இறக்கிட்டேன். ஒன்பதுன்னு போட்டிருந்துச்சு. அப்போ இன்னும் எட்டு பேராவது எங்கேயோ இருப்பாங்கன்னு கணக்குப் போட்டேன். பாப்பா தானா சொல்லட்டும்னு விட்டுட்டேன். சனிக்கிழமை இங்க வந்தப்ப, கீழ போர்டுல 'மூணாவது மாடி, பூச்சி ஆய்வகம்'னு பார்த்ததும் புரிஞ்சுபோச்சு."

துணிப்பைக்குள் மறுபடி கை விட்டார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடி ஜாடி வெளியே வந்தது. அடியில் ரொட்டி ஓரங்கள். அதன் மேல், கொழுகொழுவென்று, மீசையை ஆட்டிக்கொண்டு, முதுகில் அரிசி அளவுக் காகிதத்தோடு ஒன்பதாம் எண்.

"குருவி!" என்று அலறினாள் அம்மா.

"திருப்பிக் கொடுக்கத்தான் இன்னிக்குக் கொண்டு வந்தேன்," என்றார் அப்பா. "ஆனா இவன்கிட்ட ஒண்ணுதான் மேடம் எனக்குப் புரியவே இல்லை. மருந்து நெடி பழகிப் பழகி, தொண்டைக்கு நான் எப்பவும் வாயில ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் போட்டுக்குவேன். ஜாடி பக்கத்துல நான் குனிஞ்ச முதல் நாளே, எங்கேயோ கிடந்தவன் ஓடி வந்து என் வாய்க்கு நேரா நின்னுக்கிட்டான். ஏன் மேடம், என்னையா அவ்வளவு பிடிச்சிருக்கு?"